எடுப்பதற்கு முன் கொடுங்கள்

(ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோர்களுக்காகத் திருச்சியில் நடந்த கூட்டத்தில் ஓர் உணவியலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னைப் பார்க்க வருகிற பெற்றோர்கள் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே ஒரு கேள்வியைக் கேட்டுவிடுவார்கள். "பாலையும் கோதுமையையும் நிறுத்திட்டா பிள்ளைக்குச் சரியாயிடும்னு சொல்றாங்களே மேடம், நிறுத்திடலாமா?" இதற்கான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உணவை மாற்றுவதால் ஆட்டிசம் சரியாகாது. ஆனால் ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்கு வயிற்றுத் தொந்தரவும் சேர்ந்து இருக்கிறது. அவர்களில் சிலருக்குப் பாலோ கோதுமையோ ஒத்துக்கொள்வதில்லை. அந்தக் குழந்தைக்கு அதை நிறுத்தினால் வயிறு நிம்மதியடையும், தூக்கம் வரும், முகம் தெளியும். அந்த நிம்மதியைப் பார்த்துவிட்டு ஆட்டிசமே குறைந்துவிட்டது என்று நம்பிவிடுகிறோம். பக்கத்து வீட்டுக்கும் அதையே சொல்கிறோம். அந்த வீட்டுக் குழந்தைக்கு வயிற்றில் எந்தக் கோளாறும் இருக்காது. அதற்கும் பால் நின்றுபோகும். அதற்குப் பதிலாக எதுவும் தட்டில் வராது. என் கவலையெல்லாம் அந்த இரண்டாவது குழந்தையைப் பற்றித்தான்.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். 1979-ல் யாக் பாங்க்செப் என்ற நரம்பியல் அறிஞர் ஒரு கருத்தை முன்வைத்தார். மூளையில் இயல்பாகவே சுரக்கிற, அபின் போலச் செயல்படும் பொருட்களுக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்றார். கோதுமையில் உள்ள குளூட்டனும் பாலில் உள்ள கேசீனும் அரைகுறையாகச் செரிக்கும்போது அதே மாதிரியான துண்டுகள் உண்டாகின்றன, அவை குடல் வழியாக இரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகின்றன என்று நார்வே நாட்டு மருத்துவர் காலே ரைக்கெல்ட் அதை விரித்தார். 1998-ல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு குடலையும் ஆட்டிசத்தையும் தடுப்பூசியையும் இணைத்து ஒரு கட்டுரை எழுதினார். அது தவறானது என்று கண்டறிந்து, அதை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே 2010-ல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆனால் அதற்குள் குடல்தான் காரணம் என்ற நம்பிக்கை உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

சோதித்துப் பார்த்தார்களா என்றால், பார்த்தார்கள். நார்வேயில் 2002-ல் வெளிவந்த ஆய்வில் இருபது குழந்தைகள். அவர்களில் உணவு மாற்றம் பெற்றவர்கள் ஓராண்டில் முன்னேறியதாகச் சொன்னார்கள். ஆனால் எந்தக் குழந்தைக்கு எந்த உணவு என்பது பெற்றோருக்குத் தெரிந்தே இருந்தது. புளோரிடாவில் 2006-ல் பதினைந்து குழந்தைகளிடம் யாருக்கும் தெரியாமல் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தபோது வித்தியாசம் தென்படவில்லை. லண்டனில் 2008-ல் ஆட்டிசம் உள்ள சிறுவர்களின் சிறுநீரில் அந்த அபின் போன்ற துண்டுகளைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 2016-ல் வெளியான ஆய்வுதான் இருப்பதிலேயே கவனமாகச் செய்யப்பட்டது என்பேன். பதினான்கு குழந்தைகளைக் குளூட்டனும் கேசீனும் இல்லாத உணவில் வைத்தார்கள். சத்துக் குறையாமல் பார்த்துக்கொண்டார்கள். பிறகு நொறுக்குத்தீனிக்குள் கோதுமையையோ பாலையோ மறைத்து வைத்துக் கொடுத்தார்கள். தூக்கமும் மாறவில்லை, மலம் கழிப்பதும் மாறவில்லை, நடத்தையும் மாறவில்லை. ஒன்றைக் கவனியுங்கள். கோதுமை சேராத செலியாக் நோயும் பால் ஒவ்வாமையும் இல்லாத குழந்தைகளைத்தான் இந்த ஆய்வில் சேர்த்திருந்தார்கள். எந்தக் காரணமும் இல்லாமல் எல்லோருக்கும் நிறுத்துவதில் பயனில்லை என்பதுதான் இதன் பொருள். இங்கிலாந்து அரசின் நைஸ் அமைப்பு 2013-லேயே, ஆட்டிசத்தின் அடிப்படைக் குணங்களுக்காக இந்த உணவுமுறையைப் பயன்படுத்த வேண்டாம் என்று வழிகாட்டியிருக்கிறது.

அப்படியானால் காரணம் உள்ள குழந்தைகள் யார்?

பேச்சு வராத குழந்தைக்கு வயிறு வலித்தால் அது எப்படிச் சொல்லும்? சோபாவின் கைப்பிடியில் வயிற்றை அழுத்திக் குப்புறக் கிடக்கும். மேசை முனையில் போய்ச் சாய்ந்து நிற்கும். சாப்பிட்ட அரைமணி நேரத்தில் தன் கையைத்தானே கடிக்கும். நள்ளிரவில் எழுந்து அழும். இதையெல்லாம் "ஆட்டிசம்னா அப்படித்தான்" என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். அப்படி ஒதுக்காதீர்கள். மலச்சிக்கல் இருக்கிறதா, வயிற்றுப்போக்கு இருக்கிறதா, எடை ஏறாமல் நிற்கிறதா, இரத்தசோகை தீராமல் இழுக்கிறதா என்று பாருங்கள்.

கோதுமை சேராத செலியாக் நோய் நம் பக்கம் அபூர்வம். 2016-ல் வெளியான இந்திய ஆய்வு ஒன்று வட இந்தியாவில் 1.23 விழுக்காடு பெரியவர்களின் இரத்தத்திலும், தெற்கே, அதாவது வேலூர்ப் பகுதியில், 0.10 விழுக்காட்டினரின் இரத்தத்திலும் இந்நோயைக் காட்டும் எதிர்ப்பொருட்கள் இருப்பதாகக் கண்டது. அபூர்வம் என்றாலும் இல்லவே இல்லை என்று ஆகாது. இரத்தப் பரிசோதனையில் இதைக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் அந்தப் பரிசோதனை நடக்கும்போது குழந்தை கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும். முதலில் நிறுத்திவிட்டுப் பிறகு பரிசோதித்தால், நோய் இருந்தாலும் இல்லை என்று காட்டிவிடக்கூடும். தயவுசெய்து இதை மனதில் வையுங்கள். பரிசோதனை முதலில், நிறுத்துவது பிறகு.

பாலைப் பொறுத்தவரை நம் ஊரில் தொந்தரவு கொஞ்சம் அதிகம். சிலருக்குப் பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸ் செரிக்காது. அவர்களுக்குப் பால் சேராவிட்டாலும் தயிரும் மோரும் பெரும்பாலும் சேரும். அவர்களுக்குத் தயிரை ஏன் நிறுத்த வேண்டும்? வேறு சிலருக்குப் பாலின் புரதமே சேராது. இத்தாலியில் தீராத மலச்சிக்கல் உள்ள 65 குழந்தைகளுக்குப் பசும்பாலை நிறுத்திச் சோயாப் பால் கொடுத்தார்கள். 44 குழந்தைகளுக்குச் சிக்கல் தீர்ந்தது. 1998-ல் வந்த ஆய்வு அது. அந்தக் குழந்தைகளுக்கு ஆட்டிசம் இல்லை. ஆனாலும் தீராத மலச்சிக்கலோடு ஒரு குழந்தை என்னிடம் வந்தால், மருத்துவரின் ஒப்புதலோடு பாலை மட்டும் கொஞ்ச நாள் நிறுத்திப் பார்க்கலாம் என்று நானே சொல்வதற்கு அது ஒரு காரணம்.

இனி அடுப்படிக்கு வருவோம்.

பரோட்டா மாஸ்டர் மாவை வீசும்போது கிழியாமல் விரிகிறதே, அந்த இழுவையைத் தருவது குளூட்டன். கோதுமை, பார்லி, ரை என்ற மூன்று தானியங்களில்தான் அது இருக்கிறது. அரிசியில் இல்லை. கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி எதிலும் இல்லை. உளுந்திலும் மற்ற பருப்புகளிலும் இல்லை. இட்லி, தோசை, இடியாப்பம், புட்டு, ஆப்பம், அடை, கொழுக்கட்டை, அவல், பொங்கல், கூழ் என்று நம் வீட்டுப் பலகாரங்களில் பாதிக்கு மேல் கோதுமையே கிடையாது. மேலைநாட்டுத் தாய் ரொட்டிக்கு மாற்றுத் தேடித் திண்டாடுகிறாள். நமக்கு அந்தத் திண்டாட்டம் இல்லை. "குளூட்டன் இல்லாதது" என்று அச்சடித்து நாலு மடங்கு விலைக்கு விற்கிற மாவுப் பொட்டலங்களை வாங்க வேண்டிய தேவையும் இல்லை.

இழுவை இல்லாத மாவை எப்படிச் சேர்த்துப் பிடிப்பது என்று நம் பாட்டிகளுக்குத் தெரியும். இடியாப்ப மாவில் கொதிக்கிற வெந்நீரை ஊற்றிக் கிளறுகிறோம். அந்தச் சூட்டில் அரிசி மாவு பாதி வெந்து பசையாகிவிடுகிறது. இட்லிக்கு உளுந்தைப் பொங்கப் பொங்க அரைக்கிறோம். அதன் வழவழப்பு காற்றைப் பிடித்துவைக்கிறது. கேழ்வரகு ரொட்டி தட்டும்போது விண்டுபோகிறது என்பவர்கள் வெந்நீர் விட்டுப் பிசைந்து, பத்து நிமிடம் மூடிவைத்துத் தட்டிப் பாருங்கள். விண்டுபோகாது.

நம் வீட்டில் கோதுமை ஒளிந்திருக்கிற இடங்கள் வேறு. ரவை, சேமியா, மைதா, பிஸ்கட், ரஸ்க் எல்லோருக்கும் தெரியும். பாலில் கலந்து கொடுக்கிற மால்ட் பானங்கள் பெரும்பாலும் பார்லியும் கோதுமையும்தான். ஃபிரைட் ரைஸில் ஊற்றுகிற சோயா சாஸில் கோதுமை உண்டு. இவற்றையெல்லாம் விட யாருக்கும் தோன்றாத இடம் அஞ்சறைப்பெட்டி. பெருங்காயம் பெரும்பாலும் அப்படியே விற்கப்படுவதில்லை. பிசினை மாவோடு கலந்துதான் கட்டியாகவோ தூளாகவோ செய்கிறார்கள். அந்த மாவு பெரும்பாலும் மைதா. டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படியுங்கள். அரிசி மாவு கலந்த பெருங்காயமும் கடையில் கிடைக்கிறது. அதைக் கேட்டு வாங்கலாம். இல்லாவிட்டால் சீரகமும் பூண்டும் போட்டுத் தாளியுங்கள், ரசம் கெட்டுப்போகாது.

அடுத்தது மாவு மில். உங்களுக்கு முன்னால் வந்தவர் கோதுமை அரைத்திருந்தால் உங்கள் கேழ்வரகு மாவின் முதல் இரண்டு பிடியில் அந்தக் கோதுமைதான் இருக்கும். குளூட்டன் இல்லாத உணவு என்று சொல்ல ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி. 20 மில்லிகிராம் என்பது மிகமிகக் குறைந்த அளவு. செலியாக் உறுதியான குழந்தை என்றால் மில்லுக்கே போகாதீர்கள். வீட்டு மிக்சியில் அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். சப்பாத்திக் கட்டையும் தோசைக்கல்லும்கூடத் தனியாக வேண்டும். ஒரு மாதம் நிறுத்திப் பார்க்கிறோம் என்பவர்களுக்கு இவ்வளவு கெடுபிடி வேண்டியதில்லை.

கோதுமையை நிறுத்துவது நமக்கு எளிது. கஷ்டம் பாலில்தான் இருக்கிறது, ஆபத்தும் அங்கேதான்.

தயிர் சாதம் மட்டுமே சாப்பிடுகிற குழந்தைகள் இந்தக் கூட்டத்தில் எத்தனை வீடுகளில் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். குழைந்த சோறு, வழுவழுப்பு, ஒரே நிறம், எங்கும் கட்டியில்லாத ஒரே பதம். அந்தக் குழந்தையின் நாக்குக்கு அதுதான் பாதுகாப்பான இடம். அதைத் திடீரென்று பிடுங்கிவிட்டு வேறு எதைக் கொடுத்தாலும் வாய் திறக்காது. ஐந்தே ஐந்து பண்டங்கள் சாப்பிடுகிற குழந்தையிடமிருந்து இரண்டைப் பறித்தால் மிச்சம் மூன்று. நாலைந்து பண்டங்களோடு நின்றுவிட்ட ஆட்டிசக் குழந்தைகளுக்கு, பழைய காலத்து மாலுமிகளுக்கு வந்த ஸ்கர்வி நோய், வைட்டமின் சி இல்லாமல் ஈறு வீங்கிக் கால் நடக்க முடியாமல் போகிற நோய், இந்தக் காலத்திலும் வருகிறது என்பதை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. அதனால்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: எடுப்பதற்கு முன் கொடுங்கள். மாற்று உணவைக் குழந்தை ஏற்றுக்கொண்ட பிறகுதான் பழையதை நிறுத்த வேண்டும்.

தயிருக்கு மாற்று உண்டா என்றால் உண்டு. வேர்க்கடலையை இரவில் ஊறவைத்து, காலையில் தோலை நீக்கி, தண்ணீர் விட்டு விழுதாக அரைத்து, துணியில் வடிகட்டிப் பாலெடுங்கள். அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே நன்றாகக் கொதிக்கவிட்டு, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் நாலைந்து பச்சை மிளகாய்க் காம்புகளைப் போட்டு மூடிவையுங்கள். நம் வெயிலுக்கு எட்டுப் பத்து மணி நேரத்தில் உறைந்துவிடும். முதல் முறை உறைந்தது இளகலாகத்தான் இருக்கும். அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து அடுத்த முறைக்கு உறை ஊற்றினால் கெட்டியாக வரும். பசுந்தயிரின் மணம் வராது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதனால் முதல் நாள் வழக்கமான தயிர் சாதத்தில் இதை ஒரு தேக்கரண்டி மட்டும் கலக்க வேண்டும். குழந்தை முகம் சுளிக்காவிட்டால் மூன்று நாள் கழித்து இரண்டு தேக்கரண்டி. முழுக்க மாற ஒன்றரை மாதம் ஆனாலும் ஆகட்டும். வேர்க்கடலை ஒவ்வாத குழந்தைகளும் உண்டு. முதலில் துளி கொடுத்துப் பார்ப்பது அவசியம். அவர்களுக்குத் தேங்காய்ப் பாலிலும் தயிர் உறையும். ஆனால் அதில் புரதம் குறைவு. பருப்பால்தான் அதை ஈடுகட்ட வேண்டும்.

கணக்கும் பார்த்துவிடுவோம். நான்கிலிருந்து ஆறு வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 550 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்கிறது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். இரண்டு டம்ளர் பால் குடிக்கிற குழந்தைக்கு அதில் பெரும்பங்கு பாலிலேயே கிடைத்துவிடுகிறது. பால் நின்றால் அந்தப் பங்கு எங்கிருந்து வரும்? 100 கிராம் கேழ்வரகில் 364 மில்லிகிராம் இருக்கிறது. எள்ளில் ஆயிரத்துக்கு மேல். முருங்கைக்கீரையில் 300-க்கு மேல். முள்ளோடு மென்று தின்னும் நெத்திலியிலும் நிறைய உண்டு. ஆனால் தானியத்தில் உள்ள கால்சியம் முழுவதும் உடம்பில் ஒட்டாது. ஊறவைத்து முளைகட்டி அரைத்தால் கூடுதலாக ஒட்டும். அமெரிக்காவில் 2008-ல் ஆட்டிசம் உள்ள 75 சிறுவர்களின் கை எலும்பை எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தபோது, அவர்களின் எலும்பு மற்ற சிறுவர்களுக்கு இருப்பதைவிட மெலிந்திருந்தது. அவர்களில் பாலில்லாத உணவில் இருந்த சிறுவர்களின் எலும்பு இன்னும் மெலிந்திருந்தது.

சைவ வீடுகளுக்கு இன்னொரு எச்சரிக்கை. பி12 வைட்டமின் காய்கறியில் கிடைக்காது, தானியத்தில் கிடைக்காது. மீனும் முட்டையும் சாப்பிடாத வீட்டில் அது வருகிற ஒரே வழி பாலும் தயிரும்தான். அதை அடைத்துவிட்டால் நரம்புக்கு வேண்டிய சத்தையே நிறுத்துகிறோம். குழந்தையின் மூளைக்கு நல்லது செய்வதாக நினைத்து எதைச் செய்கிறோம் என்று யோசியுங்கள். சைவக் குடும்பம் பாலை நிறுத்தினால் பி12 மருந்து கட்டாயம். இதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வராது.

மாற்று உணவைத் தேர்ந்தெடுக்கும்போது சத்தை மட்டும் பார்த்தால் தோற்றுப்போவோம். மொறுமொறுப்புக்காக பிஸ்கட் தின்கிற குழந்தையிடம் கேழ்வரகுக் களியை நீட்டிப் பயனில்லை. அதற்கு வெண்ணெய் சேர்க்காத முறுக்கு, தட்டை, பொரி உருண்டை, எள்ளுருண்டை கொடுத்துப் பாருங்கள். வழுவழுப்பு பிடிக்கிற குழந்தைக்குத்தான் களியும் கூழும். வெள்ளை நிறம் மட்டுமே சாப்பிடுகிற பிள்ளைக்குக் கேழ்வரகு தோசை பயத்தைத் தரும். சாமையும் வரகும் ஏறக்குறைய வெள்ளைதான், அதிலிருந்து தொடங்கலாம். தட்டு, டம்ளர், உட்காரும் இடம் எதையும் அப்போது மாற்ற வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் போதும். வாயைப் பிடித்துத் திணிப்பது ஒருபோதும் கூடாது. திணித்தால் அந்தப் பண்டம் மட்டுமல்ல, ஊட்டிய கையும் குழந்தைக்குப் பகையாகிவிடும்.

நிறுத்திப் பார்ப்பது என்று முடிவு செய்தால் பாலையும் கோதுமையையும் ஒன்றாக நிறுத்தாதீர்கள். எதனால் பலன் என்று தெரியாமல் போகும். அதே மாதத்தில் புதிய தெரபியும் புதிய மருந்தும் தொடங்காதீர்கள். நிறுத்துவதற்கு முன்பு இரண்டு வாரம், நிறுத்திய பிறகு நான்கு முதல் ஆறு வாரம், மலம் கழித்தது, தூங்கிய நேரம், அழுகை ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். பள்ளி ஆசிரியரிடம் விஷயத்தைச் சொல்லாமல், குழந்தை எப்படி இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். ஆசையில்லாத கண் சொல்வதுதான் சரியாக இருக்கும். பிறகு மறுபடி கொடுத்துப் பாருங்கள். தொந்தரவு திரும்பி வந்தால் அது ஒத்துக்கொள்ளவில்லை என்று பொருள். வராவிட்டால், குழந்தைக்குத் தயிர் சாதத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதில் தோல்வி எதுவும் இல்லை.

வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. பேரன் கேட்கிறானே என்று முந்தானையில் மறைத்து ஒரு பிஸ்கட் கொடுப்பது பாசம்தான். ஆனால் அந்த ஒரு பிஸ்கட்டால் மருமகள் ஒரு மாதமாக எழுதிவந்த கணக்கு வீணாகிவிடும். பழனிப் பஞ்சாமிர்தத்திலும் நெய் இருக்கிறது. நெய்யில் கேசீன் மிகக் கொஞ்சம்தான் மிஞ்சும், பால் ஒவ்வாமை உறுதியான குழந்தைக்கு அதுவும் வேண்டாம். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் எள்ளுருண்டையை உங்கள் கையால் உருட்டிக் கொடுங்கள், பேரனுக்கு அதுவும் உங்கள் கையால் கிடைத்ததுதான்.

அம்மாக்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். கர்ப்பத்தில் எதைச் சாப்பிட்டேனோ, பால் நிறுத்தத் தாமதித்தேனோ என்று யாரும் தன்னைத் தானே நொந்துகொள்ள வேண்டாம். உங்கள் சமையலால் ஆட்டிசம் வரவில்லை. "உணவாலேயே குணப்படுத்துகிறேன்" என்று பல்லாயிரம் ரூபாய்க்குப் பொடியும் பட்டியலும் விற்பவர்கள் அந்தக் குற்ற உணர்ச்சியைத்தான் காசாக்குகிறார்கள். அந்தப் பணம் பேச்சுப் பயிற்சிக்குப் போகட்டும்.

உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். 2013-ல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்ற திட்டத்தில் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையங்கள் அரசு மருத்துவமனைகளில் செயல்படுகின்றன. அங்கே குழந்தைகளைக் கட்டணமில்லாமல் பார்க்கிறார்கள். பால் டம்ளரை எடுத்து வைப்பதற்கு முன் அங்கே போய் எடையும் உயரமும் பார்த்துக்கொள்ளுங்கள். செலியாக், இரத்தசோகை, பி12, வைட்டமின் டி பரிசோதனைகளுக்கு வழி கேளுங்கள். குழந்தை ஒரு வாரம் சாப்பிட்டதை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். அந்தத் தாளைப் பார்த்த பிறகு எதை நிறுத்தலாம், எதைத் தொடவே கூடாது என்பதை நாம் சேர்ந்து முடிவு செய்யலாம்.